புதையல் படம் பார்த்த பிள்ளைகளைக் கொடுமணலுக்குக் கூட்டிப் போவது எப்படி

பள்ளித் தொன்மை மன்றப் பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிற புது ஆசிரியர்களிடம் நான் சொல்வது இதுதான்: பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள், படத்தைப் போடுங்கள்.

சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகளில் பாதிப்பேர் விசைத்தறி வீடுகளிலிருந்தும் பனியன் கம்பெனி வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். தொல்லியலாளர் என்றால் யார் என்பது எட்டாம் வகுப்புக்கு வருமுன்பே அவர்களுக்குத் தெரியும். தொப்பி, சாட்டை, தீப்பந்தம், பாம்பு. தொலைக்காட்சியில் தமிழ் பேசிக்கொண்டு வந்த இண்டியானா ஜோன்ஸ் கற்றுக்கொடுத்த பாடம் அது. அதை அழித்துவிட்டு வேறொன்றை எழுதுகிற வேலை நம்மால் ஆகாது. ஆனால் அதே படத்தைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளை, நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த ஊரான கொடுமணல் வரைக்கும் கூட்டிப் போய்விடலாம்.

முதலில் வரையச் சொல்லுங்கள்

படம் போடுமுன் ஆளுக்கொரு தாள் கொடுத்து, வேலை செய்துகொண்டிருக்கிற ஒரு தொல்லியலாளரை வரையச் சொல்லுங்கள். வேறு விளக்கம் வேண்டாம். அநேகமாக எல்லாத் தாளிலும் ஒற்றை ஆண் ஒருவர்தான் நிற்பார், கையில் எதுவோ பளபளக்கும். ஒருமுறை ஒரு பையன் ஜேசிபி வரைந்தான். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி வைத்திருக்கும் மாமா உள்ள இன்னொருத்தன் ரிக் லாரியே வரைந்துவிட்டு, "அறுநூறு அடி ஓட்டுனா அன்னைக்கே தெரிஞ்சுருமுங் மிஸ், எதுக்கு வருசக்கணக்கா நோண்டறாங்க?" என்றான். நியாயமான கேள்வி. அதற்கு அப்போதே பதில் சொல்லிவிடாதீர்கள். குழி தோண்டும்போது அவனே சொல்வான்.

தாள்களில் எது இல்லை என்று மட்டும் உங்களுக்குள் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டு இருக்காது, அளவுகோல் இருக்காது, சல்லடை இருக்காது. பெண் இருக்க மாட்டாள். நம் ஊர் அகழாய்வுக் களத்தில் கூடை சுமப்பதும் மண் சலிப்பதும் பானை ஓடு கழுவுவதும் பெரும்பாலும் சுற்றுவட்டாரப் பெண்கள்தான். குழிக்குப் பொறுப்பாக நோட்டு எழுதுகிற ஆய்வு மாணவர்களிலும் பெண்கள் நிறைய. இதைக் கொடுமணலுக்குப் போகும்போது சொல்லிக்கொள்ளலாம்.

படத்தைப் பத்து நிமிடம் போடுங்கள், மூன்று இடத்தில் நிறுத்துங்கள்

முழுப் படம் தேவையில்லை. 1981-இல் வந்த முதல் படமான ரைடர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்கின் தொடக்கம் போதும். தென்னமெரிக்கக் காடு, குகைக்கோயில், பீடத்தில் தங்கச் சிலை. நம்மவர் கையிலிருக்கும் மண் பையின் எடையைத் தோராயமாகச் சரிபார்த்துச் சிலையை எடுத்துவிட்டுப் பையை வைப்பார். கோயில் இடியும், பெரிய உருண்டைக் கல் துரத்தும், வெளியே எதிராளி நின்று சிலையைப் பிடுங்கிக்கொள்வான்.

முதல் நிறுத்தம், சிலையைத் தொடப்போகும் அந்த நொடி. "நீ அங்க நின்னா, எடுக்கறதுக்கு முன்னாடி என்னென்ன எழுதி வெப்பே?" என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு ஒவ்வொன்றாக வரும். சிலை எந்தத் திசையைப் பார்க்கிறது, பீடம் எவ்வளவு உயரம், கீழே வேறென்ன கிடக்கிறது, சிலை முகத்தில் புகைக்கரி இருக்கிறதா. கரியைப் பற்றிக் கேட்டது ஒரு பெண். விளக்கு ஏற்றிக் கும்பிட்டிருந்தால் கரி படிந்திருக்கும் அல்லவா என்றாள். கோயிலுக்குப் போய்ப் பழகிய கண்ணுக்குத்தான் அது தோன்றும். கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி, அழிக்காமல் வைத்திருங்கள்.

இரண்டாவது நிறுத்தம் கல் உருளும்போது. இந்த இடத்தில் என் கட்சியை நான் ஒளிப்பதே இல்லை. அந்தக் குகையில் மிகப்பெரிய கண்டுபிடிப்பு சிலை அல்ல, பொறி. வெளிச்சத்தைக் கை மறைத்தால் ஈட்டிகள் பாய்கின்றன. தரைக்கல்லை மிதித்தால் அம்பு வருகிறது. எடை மாறினால் மலை போன்ற கல் உருள்கிறது. ஆளே இல்லாத காட்டில் காலங்காலமாக எண்ணெய் கூட விடாமல் இது வேலை செய்கிறது என்றால், அதைச் செய்த ஆசாரி யார்? கல்லை எந்தப் பாறையில் வெட்டினான்? விசையை எதனால் செய்தான்? நிஜமான தொல்லியலாளர் என்றால் சிலையை அங்கேயே விட்டுவிட்டு அந்தப் பொறியின் முன்னால் உட்கார்ந்து ஆயுசையே கழித்திருப்பார். நம்மவரோ ஒரே ஓட்டத்தில் மொத்தத்தையும் நொறுக்கிவிட்டு வந்துவிட்டார். இதைச் சொன்னதும் தறிப்பட்டறை வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். இயந்திரம் என்றால் அவர்களுக்கு அப்படி.

மூன்றாவது நிறுத்தம், சிலை எதிராளி கைக்குப் போனபின். "இனி இந்தச் சிலை எங்கிருந்து வந்ததுன்னு யாராவது நிரூபிக்க முடியுமா?" முடியாது. கோயில் போய்விட்டது, எழுதி வைத்தவர் யாருமில்லை, படம் எடுத்தவர் யாருமில்லை. இங்கே படத்தை நிறுத்திவிட்டு அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் நடராசர் கதையைச் சொல்லுங்கள். கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் செப்புத் திருமேனியை 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் வாங்கியது. அது 2014-இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தது. இது எங்கள் கோயில் சாமிதான் என்று காட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முன்பே கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த ஒளிப்படங்கள். சாட்டையோ துப்பாக்கியோ அவரை மீட்கவில்லை, கோப்பில் கிடந்த படம் மீட்டது. மொத்தப் பாடத்தில் பிள்ளைகள் மறக்காமல் வைத்துக்கொள்வது இந்தக் கதையைத்தான்.

நேரமிருந்தால் 1989-இல் வந்த மூன்றாவது படத்தின் வகுப்பறைக் காட்சியையும் காட்டலாம். அங்கே கோட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு அதே மனிதர், தொல்லியலில் பெரும்பகுதி நூலகத்தில் நடக்கிற வேலை, வரைபடத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் புதையல் கிடப்பதில்லை என்று மாணவர்களுக்குச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் வெனிஸ் நகரத்து நூலகத்தின் தரையிலேயே பெரிய பெருக்கல் குறியைக் கண்டு உடைத்துக்கொண்டு கீழே இறங்குவார். படம் எடுத்தவர்களுக்கு உண்மை தெரியும். தெரிந்தே விளையாடுகிறார்கள். இதனால்தான் அந்தப் படங்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அதில் நடித்த ஹாரிசன் ஃபோர்டை அமெரிக்கத் தொல்லியல் கழகம் 2008-இல் தன் ஆட்சிக்குழுவிலேயே சேர்த்துக்கொண்டது. படத்தைப் பார்த்து இந்தத் துறைக்கு வந்தவர்கள் அத்தனை பேர்.

1984-இல் வந்த இரண்டாவது படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். கதை நடப்பது இந்தியாவில் என்பார்கள், எடுத்தது இலங்கையில் கண்டிப் பக்கம். நம் அரசு அனுமதி தரவில்லை. அம்ரிஷ் புரி நெஞ்சைக் கிழித்து இதயத்தை எடுப்பார், அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுவார்கள். பதினொன்றாம் வகுப்பு என்றால் அந்த விருந்துக் காட்சியை மட்டும் போட்டு, நம்மை வெளியிலிருந்து பார்க்கிறவன் என்ன பார்க்கிறான் என்று பேச வைக்கலாம். விவாதம் சூடாகவே இருக்கும்.

தமிழ்ப் படம் கேட்பார்கள். 2010-இல் வந்த ஆயிரத்தில் ஒருவன் எல்லாருக்கும் தெரியும். காணாமல் போன தொல்லியலாளரைத் தேடி ஒரு கூட்டம் போகும், அவர் மகளும் தொல்லியல் படித்தவர். அதில் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: மூட்டை தூக்கி வந்தவர்களில் எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள்? சாகசப் படங்களில் கண்டுபிடிப்புக்கு விலை கொடுப்பது எப்போதும் கூலியாள்தான். அகழாய்வுக் களத்தில் அதே கூலியாள்தான் மண்ணின் நிறம் மாறுவதை முதலில் கண்டுபிடித்துச் சொல்கிறவர். காலமெல்லாம் மண்வெட்டி பிடித்த கைக்கு, மண் இளகுவதும் இறுகுவதும் பட்டம் படித்தவருக்கு முன்பே தெரிந்துவிடும்.

இரண்டு குழி தோண்டுங்கள்

இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். மைதானத்து ஓரமாக, மரத்து வேர் வராத இடத்தில், மீட்டருக்கு மீட்டர் சதுரமாக, அரை மீட்டர் ஆழத்துக்கு இரண்டு குழி. கோடை விடுமுறையிலேயே தயார் செய்துவிட்டால் மண் இறுகிவிடும். இரண்டிலும் ஒரே மாதிரி மூன்று அடுக்கு நிரப்புங்கள்: அடியில் செம்மண், நடுவில் சாம்பல் கலந்த மண், மேலே கருமண். ஒவ்வொரு அடுக்குக்கும் தண்ணீர் தெளித்து மிதித்துவிட வேண்டும். அடியடுக்கில் உடைந்த மண்சட்டி, கோழி எலும்பு, 2011 என்று அச்சிட்ட காசு. நடு அடுக்கில் கண்ணாடி வளையல் துண்டு, சோடா மூடி. மேலடுக்கில் பேனா மூடியும், 1992 என்று போட்ட பழைய காசும். காசு வருடம் மாறி இருப்பது வேண்டுமென்றேதான்.

கடைசியாக ஒரு வேலை. இரண்டு குழியிலும் மேலிருந்து அடிவரை ஒரு கம்பியை இறக்கி ஓட்டை போட்டு, புத்தம்புதுக் காசு ஒன்றை உள்ளே போட்டு, ஓட்டையைக் கருமண்ணால் மூடிவிடுங்கள். அது எலி வளை.

வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். முதல் கூட்டத்துக்கு ஒரு குழி, பத்து நிமிடம், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட வேண்டும். கூச்சலும் புழுதியுமாக முடித்துவிடுவார்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நான்கு மூலைக்கு ஆணி, சணல், டேப், கொத்தனார் கரண்டி, பெயின்ட் பிரஷ், மணல் சலிக்கிற சல்லடை, பாண்டு, நோட்டு. இரண்டு விரற்கடை ஆழம் எடுத்ததும் நிறுத்தி, கிடைத்த ஒவ்வொன்றுக்கும் வடக்கு ஓரத்திலிருந்து எவ்வளவு, மேற்கு ஓரத்திலிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு ஆழம், எந்த நிற மண் என்று எழுதிய பிறகே கையில் எடுக்க வேண்டும். பொருளைப் பைக்குள் போட்டுச் சீட்டு எழுத ஒருத்தர், வரைய ஒருத்தர், சலிக்க இரண்டு பேர். இது இரண்டு மூன்று நாள் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளும். பிள்ளைகள் சலித்துக்கொள்வார்கள், விட்டுவிடுங்கள். அந்தச் சலிப்பும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

முடிந்ததும் இரண்டு கூட்டத்தையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரே கேள்வி: சட்டி எப்போது இந்த மண்ணுக்குள் வந்தது? முதல் கூட்டத்திடம் ஒரு குவியலும் மூன்று காசும் இருக்கும். வெவ்வேறு வருடக் காசு. எது எங்கே கிடந்ததென்று தெரியாது. 1992 என்பார்கள், இல்லை என்பார்கள், குரலை உயர்த்துவார்கள். நோட்டு வைத்திருக்கும் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவுக்கு வரும். சட்டியோடு செம்மண் அடுக்கில் கிடந்தது 2011 காசு. அப்படியென்றால் அந்த அடுக்கும் அதற்கு மேலே உள்ள எல்லாமும் 2011-க்குப் பிறகு சேர்ந்தவைதான். மேலே கிடந்த 1992 காசு? பழைய காசு கை மாறி மாறிப் புழங்கிக் கடைசியில் இங்கே விழுந்திருக்கிறது. காசின் வயது வேறு, அது விழுந்த அடுக்கின் வயது வேறு. அந்தப் புதுக் காசு? அதைச் சுற்றி மட்டும் கருமண் குழாய் போல இறங்கியிருந்ததை வரைந்த பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், "எலி பொந்துங் மிஸ்!" என்று ஒரு கத்தல் வரும். அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இந்த வேலையில் கிடையாது.

இப்போது ரிக் லாரி வரைந்த பையனைத் திரும்பிப் பாருங்கள். போர் ஓட்டினால் எல்லா அடுக்கும் ஒரே சேறாக வெளியே வரும் என்று அவனே சொல்லிவிடுவான்.

சட்டித் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு அட்டையில் மையம் ஒன்றாக, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் வட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். வாய்ப்பகுதித் துண்டைக் கவிழ்த்து, அதன் வளைவு எந்த வட்டத்தோடு ஒட்டுகிறதென்று நகர்த்திப் பார்த்தால் முழுப் பானையின் வாய் அகலம் தெரிந்துவிடும். விரல் நீள ஓட்டிலிருந்து ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கின பானையின் அளவைச் சொல்லிவிடலாம். களத்திலும் இதையேதான் செய்கிறார்கள்.

கொடுமணலுக்கு

தை பிறந்தபின் மாசிக்குள் போய்விடுங்கள். அப்புறம் வெயில் தாங்காது. தொப்பி போடச் சொல்லுங்கள். படங்கள் இந்தத் தொழிலைப் பற்றிச் சரியாகச் சொன்ன ஒரு விஷயம் தொப்பி. பாம்பு விஷயத்திலும் பொய்யில்லை. கல்லிடுக்கில் விரியன் படுத்திருக்கும், யாரும் கையை விடக்கூடாது. கல்வட்டங்கள், அதாவது பழங்கால ஈமக்குழிகளைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள், இருக்கிற நிலத்தில் பல தனியார் காடுகள். ஒரு வாரம் முன்பே போய்க் காட்டுக்காரரிடம் பேசிவிட்டு வாருங்கள்.

ஊர் நொய்யலின் வடகரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுவது இதைத்தான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. நேர்த்தியான அணிகலன்களுக்குப் பேர் போன ஊராக அது பாட்டில் வருகிறது. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழ்ந்தது. பேராசிரியர் எ. சுப்பராயலு, நம் ஈரோட்டுப் புலவர் செ. இராசு எல்லாரும் அதில் இருந்தார்கள். 2012, 2013-இல் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தோண்டியது. அண்மையில் மாநிலத் தொல்லியல் துறையும் வந்துபோனது. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள், விதவிதமான மணிக்கற்கள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானை ஓடுகள், ஒரு ஈமச்சின்னத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள (செந்நிறக் கல்) மணிகள், கல் பதித்த வெண்கலப் புலி என்று கிடைத்தன.

இவ்வளவையும் பேருந்திலேயே சொல்லிக்கொண்டு போனீர்களானால் இறங்கியதும் ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பது முள்ளும் பனையும் வட்டமாகக் கிடக்கும் கற்களும் ஒரு குத்துக்கல்லும்தான். "இவ்வளவுதானுங்களா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்த பிறகு பேசத் தொடங்குங்கள்.

நான் பேசுவது பாதியில் உடைந்த மணியைப் பற்றி. கொடுமணலில் மணி செய்வதன் எல்லா நிலையும் மண்ணுக்குள் கிடைத்திருக்கிறது: வெட்டிக் கொண்டுவந்த கல், தட்டி வடிவம் கொடுத்தது, தேய்த்தது, துளை போடும்போது உடைந்தது. பச்சைக்கல்லுக்குப் படியூர் பக்கத்திலேயே இருக்கிறது. சூதுபவளத்துக்கான கல் குஜராத் பக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். அரிசி அளவு மணியில் ஒரு பக்கமிருந்து பாதி, மறுபக்கமிருந்து பாதி என்று துளைத்துக்கொண்டு வருவார்கள். இரண்டும் நடுவில் சரியாகச் சந்திக்க வேண்டும். ஒரு நூல் விலகினால் கல் பிளந்துவிடும். பிளந்ததைக் கைவினைஞன் காலடியில் போட்டுவிட்டு அடுத்த கல்லை எடுத்திருக்கிறான். நன்றாக வந்த மணிகள் வியாபாரி கையில் எங்கெங்கோ போய்விட்டன. இந்தியப் பச்சைக்கல்லைப் பற்றி ரோமாபுரி எழுத்தாளர் பிளினி எழுதி வைக்கும் அளவுக்கு அது அங்கே தெரிந்திருந்தது. இங்கே பட்டறை இருந்தது என்று இன்று நமக்குச் சொல்வது, விலை போகாமல் கீழே கிடந்த அந்த உடைசல்தான். படத்து நாயகன் இதைக் குனிந்துகூடப் பார்க்க மாட்டான். திருப்பூர் கட்டிங் வேஸ்டைப் பார்த்தே எந்தக் கம்பெனியில் என்ன ஓடுகிறதென்று சொல்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிடும்.

ஓடுகளில் உள்ள பேர்களையும் வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். கண்ணன் ஆதன், சம்பன் சுமணன். சுமணன் வடக்கத்திப் பேர். வணிகக் குழுவைக் குறிக்கும் நிகம என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. வெளியூர் ஆட்கள் வந்து போகிற தொழில் ஊராக இது அன்றைக்கே இருந்திருக்கிறது.

ஈமக்காட்டை ஊரில் பாண்டியங்காடு என்பார்கள். அங்கே போனதும் பேய்க்கதை வரும், சாபக்கதை வரும். மம்மி படங்களின் வேலை அது, ஆனால் படங்களுக்கு முன்பே பத்திரிகைகள் தொடங்கிவைத்துவிட்டன. 1922-இல் ஹோவர்டு கார்ட்டர் எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைக் கண்டுபிடித்தார். அவருக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு அடுத்த வருடமே கொசுக்கடி புரையோடி இறந்ததும் சாபம் என்று உலகம் முழுக்க எழுதினார்கள். கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை இருந்தார். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு எண் போட்டு, படம் எடுத்து, வெளியே கொண்டுவரப் பத்து வருடம் உழைத்தார். சாபத்தைப் பற்றிப் படம் எத்தனையோ வந்துவிட்டது, அந்தப் பத்து வருடத்தைப் பற்றி யார் எடுப்பார்கள்? பிள்ளைகளிடம் பயப்படாதே என்று சொல்வதைவிட, இது யாரோ ஒரு வீட்டார் தங்கள் ஆளை அடக்கம் செய்த இடம், சத்தம் போடாதே என்று சொல்லுங்கள். கேட்பார்கள்.

பிறகு வேலை. நாலைந்து பேருக்கு ஒரு கல்வட்டம். குறுக்கே டேப் பிடித்து விட்டம், கற்களின் எண்ணிக்கை, திசைகாட்டி வைத்து வடக்கு, ஒரு வரைபடம். எதையும் நகர்த்தக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது. ஓடு கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். கிளம்பும்போது பைகளைச் சோதிப்பேன். கூச்சப்படாமல் நீங்களும் சோதியுங்கள்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் அறச்சலூர் நாகமலைக் குகைக்கும் போகலாம். த, தை, தா என்று ஆட்டத்துக்கான எழுத்துகளைக் கட்டம் கட்டமாக வெட்டி வைத்திருக்கிறான் மணிய வண்ணக்கன் (மணிக்கல் சோதிப்பவன்) தேவன் சாத்தன். இல்லையென்றால் ஈரோடு அரசு அருங்காட்சியகம்.

காட்டுக்காரர் கேட்பதற்குப் பதில் வைத்துக்கொள்ளுங்கள்

சினிமாவின் உண்மையான சேதம் வகுப்பறையில் இல்லை, காட்டில்தான் இருக்கிறது. கல்வட்டத்துக்கு அடியில் தங்கம் என்று நம்பி அமாவாசை ராத்திரியில் கடப்பாரையோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பலகைக்கல்லைப் புரட்டினால் போதும், நம் பிள்ளைகள் இரண்டாவது குழியில் எழுதினது போல எழுதக் கிடைத்திருக்க வேண்டிய எல்லாம் ஒரே குவியலாகிவிடும். இன்னொரு பக்கம், தொல்லியல் துறை என்றால் புதையலை அள்ளிக்கொண்டு நிலத்தையும் பிடுங்கிக்கொள்கிறவர்கள் என்று நினைத்து, அவர்கள் வருமுன்பே வண்டியை விட்டுக் கற்களைத் தள்ளிவிடுகிற காட்டுக்காரர்களும் உண்டு. ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார்: "ஏனுங் டீச்சரம்மா, நீங்க எழுதிட்டுப் போனா நாளைக்கு கெவுருமெண்டு வந்து வேலி போட்டுருமாங்?"

சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். பட்டா நிலத்தில் அகழாய்வு என்றால் பெரும்பாலும் பேசி ஒப்புதல் வாங்கித்தான் தோண்டுகிறார்கள், பதிவு முடிந்ததும் குழியை மூடிவிடுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அறிவித்த இடங்களுக்குக் கட்டுப்பாடு தனி, அதையும் மறைக்காதீர்கள். உழும்போது காசுப் பானை மாதிரி ஏதாவது கிடைத்தால் 1878-ஆம் வருடத்துப் புதையல் சட்டம் இருக்கிறது. மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ உடனே சொல்லி எழுதிக் கொடுத்தால் அது மேலே போகும். பழைய உரிமையாளர் என்று யாரும் வராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்வதானால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மறைத்தால் பங்கும் போய்விடும், ஒரு வருடம் வரை சிறையும் வரலாம். நம் பக்கத்து ஆட்களுக்குக் கணக்கு சொன்னால் புரியும். முக்கால், கால் என்றதும் அந்தப் பெரியவர் முகம் மாறினது. கல்வட்டத்துக்கும் பானை ஓட்டுக்கும் அப்படிப் பங்கு எதுவும் வராது என்பதையும் அவரிடம் சொன்னேன். "அதுல என்ன வருமானங், கெடந்துட்டுப் போவுது" என்றார். கெடந்துட்டுப் போனால் எனக்கும் போதும்.

ஊருக்குத் திரும்பிய வாரமே காட்டுக்காரருக்குப் பிள்ளைகள் கைப்பட நன்றிக் கடிதம் எழுதி, அவர் காட்டுக் கல்வட்டத்தின் வரைபட நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மூல நோட்டு பள்ளிப் பீரோவில், தேதியோடு இருக்க வேண்டும். அடுத்த வருடப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அதே வட்டத்தை எண்ண வேண்டும். போன வருட நோட்டில் இருபத்து மூன்று கல், இந்த வருடம் இருபத்தொன்று என்றால், காணாமல் போன இரண்டும் வடகிழக்கு மூலையில் எங்கே இருந்தன என்பது வரைபடத்தில் இருக்கும். அதை நகலெடுத்து, ஒரு மனுவோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.